ஊமைப்பட காலத்து கார் ரேஸ் காதல் படம், தடைக்காலத்துல கடற்கரையில போட்டா சனம் உக்காருமா?

வடகடல்_தங்கச்சிமடம்:

வணக்கம் மக்கா. ஏப்ரல் 15ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கரையில கட்டித்தான் கெடக்கும், ஆம்பளைக வலை பின்னுவாக இல்லாட்டி சும்மா உக்காந்து பேசுவாக, புள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் லீவு, அதனால நம்ம தெரு மன்றத்துல சனிக்கிழமை ராத்திரி ப்ரொஜக்டர் வச்சு படம் போட ஆரம்பிச்சோம். படம் நல்லாத்தான் போகுது ஆனா வசனம் ஒரு மண்ணும் கேக்க மாட்டேங்குது, ஒரு பக்கம் காத்து, இன்னொரு பக்கம் ஜெனரேட்டர், நடுவுல கெழவிக பேச்சு. போன தடவ படம் முடிஞ்சதும் ஒரு பெரியம்மா எந்திரிச்சு "பேசாத படமாப் போட்டுத் தொலைங்கடா, நாங்களாவது நிம்மதியாப் பேசிக்கிருவோம்"னு சொல்லிட்டுப் போனாக. எல்லாரும் சிரிச்சாக, எனக்கு அதுல ஐடியா வந்துருச்சு.

ஊமைப்படம்னா எல்லாரும் சாப்ளின்தான் போடுவாக. நான் வேற தேடுறப்ப 'தி ரோரிங் ரோடு'னு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, 1919ல வந்தது, கார் ரேஸ், காதல், காமெடி எல்லாம் கலந்தது, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிருமாம். இங்க பழைய படம் பாக்குறவுக இருக்கீகளே, சொல்லுங்க. இத நம்மூர் சனம் உக்காந்து பாக்குமா, நடுவுல வர்ற இங்கிலீஷ் எழுத்த யாரு படிச்சு சொல்றது, பாட்டு மியூசிக்குக்கு என்ன செய்யிறது, அப்புறம் பொதுவுல போட்டா யாரும் கேஸ் கீஸ் போடுவாகளா? ரேஸ்னா நம்ம பயலுக பாப்பானுக, அதுல சந்தேகமில்ல. வயசானவுகளுக்குத்தான் யோசனையா இருக்கு.

ரீல்பெட்டி_பரமக்குடி:

தம்பி நல்ல படமாத்தான் புடிச்சிருக்கீங்க. நான் ரெண்டு மூணு தடவ பாத்திருக்கேன், கொஞ்சம் விரிவா சொல்றேன், நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

டைரக்டர் ஜேம்ஸ் க்ரூஸ். ஹீரோ வாலஸ் ரீட், அப்ப அமெரிக்காவுல பொண்ணுக எல்லாம் போட்டோவ வெட்டி வச்சுக்கிற அளவுக்கு ஸ்டார். ஹீரோயின் ஆன் லிட்டில். ஆனா படத்தைத் தூக்கி நிறுத்துறது இவுக ரெண்டு பேருமில்ல, ஹீரோயினுக்கு அப்பாவா வர்ற தியடோர் ராபர்ட்ஸ். வாயில சுருட்டு, மொகத்துல எப்பவும் கடுகடுப்பு, படத்துல அவருக்குப் பட்டப்பேரே கரடி. மகளுக்கு குட்டிக்கரடினு பேரு! இதே மனுசன்தான் 1923ல வந்த 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்'ல மோசேயா தாடி வச்சுக்கிட்டு கடலைப் பிளந்தது. உங்க பக்கத்துல சர்ச்சுக்குப் போறவுக நெறைய பேரு, அத சொல்லி விடுங்க, அடையாளம் கண்டுக்கிருவாங்க.

கதை என்னன்னா, கரடி ஒரு கார் கம்பெனி முதலாளி. ஹீரோ டூடுல்ஸ் அவருகிட்ட கார் விக்கிற சேல்ஸ்மேன். பயலுக்கு ரெண்டே ஆசை, ஒண்ணு ரேஸ்ல ஓட்டணும், இன்னொண்ணு முதலாளி மகளைக் கட்டணும், ரெண்டுக்குமே முதலாளி பிடி குடுக்க மாட்டேங்கிறாரு. ரேஸுக்குன்னு வந்துக்கிட்டிருந்த கம்பெனி கார் மூணும் ட்ரெய்ன் விபத்துல நொறுங்கிப் போயிருது, அந்த ஓட்டை ஒடசலைப் பொறுக்கி டூடுல்ஸ் ஒரு காரை உருவாக்கி சாண்டா மோனிகா ரேஸ்ல ஜெயிச்சுர்றான். சரி கல்யாணம்னு பாத்தா அதுவும் இல்ல. கடைசி பாகத்துல லாஸ் ஏஞ்சல்ஸ்லேர்ந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு சாதனை ஓட்டம், முதலாளியும் மகளும் ட்ரெய்ன்ல, இவன் ரோட்டுல. 600 கிலோமீட்டருக்கு மேல, ராமேஸ்வரத்துலேர்ந்து மெட்ராஸுக்குப் போற தூரம்னு வச்சுக்கங்க, அந்தக் காலத்து ரோட்டுல.

என்னைக் கேட்டா இது ஹீரோ ஹீரோயின் காதல் கதையே இல்ல. மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடக்குற கதை. ரெண்டு பேரும் ஒரே மாதிரி திமிரு, ஒரே மாதிரி வேகப் பைத்தியம், ஒருத்தர் இல்லாம ஒருத்தருக்குப் பொழுது போகாது. மெரட்டுறாரு, இவன் வேலையை விட்டுட்டுப் போறேங்கிறான், அவரு சுருட்டை மென்னுக்கிட்டே இவனை எப்படி மறுபடி காருல ஏத்துறதுன்னு திட்டம் போடுறாரு. அந்தக் காமெடிக்கு எழுத்தே தேவையில்ல, மூஞ்சியப் பாத்தாப் போதும். நம்மூர்ல பொண்ணு கேட்டுப் போன எந்த ஆளுக்கும் இது புரியும்.

கேஸ் பத்திக் கேட்டீங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி சினிமாவுக்கு காப்புரிமை வெளியான வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம்தான், இது நூறு வருஷம் தாண்டிருச்சு, அமெரிக்காவுலயும் முடிஞ்சிருச்சு. ஆனா நெட்ல இருக்குற காப்பியில யாராவது இப்ப வாசிச்ச மியூசிக் சேத்திருந்தா அது அவுக சொத்து. அதனால சவுண்டை ம்யூட்ல போட்டு நீங்களே வாசிங்க. இன்னொண்ணு முக்கியம், வேகம். அப்ப கேமராவைக் கையாலதான் சுத்துவாங்க, நொடிக்கு 16, 18 ப்ரேம்தான் ஓடும், இப்ப 24ல ஓட்டுனா எல்லாரும் பேய் புடிச்ச மாதிரி தடதடன்னு நடப்பாங்க, பாக்குறவன் ஊமைப்படம்னாலே இப்படித்தான்னு நெனச்சுக்குவான். காப்பி அப்படி இருந்துச்சுன்னா ப்ளேயர்ல 0.75 வேகத்துல வச்சுப் பாருங்க. ரேஸ் சீன் வரும்போது மட்டும் பழையபடி விட்டுருங்க, அதுல தப்பே இல்ல, அந்தக் காலத்துலயே ரேஸ் சீனுக்கு கேமராவ மெதுவா சுத்தி எடுத்து வேகமாக் காட்டுறதுதான் வழக்கம்.

சக்கரம்_சாயல்குடி:

ரீல்பெட்டி அண்ணே, மூணு நொறுங்குன கார்லேர்ந்து ஒரு காரான்னு சிரிக்காதீக. நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், அது நடக்கக் கூடியதுதான், ஆனா எல்லாக் கம்பெனிக்கும் நடக்காது. அந்தக் காலத்துல முக்காவாசி கார்ல ஒவ்வொரு பார்ட்டையும் அரத்தால ராவி அந்தந்த வண்டிக்குத்தான் பொருத்துவாக, ஒரே மாடல் காரா இருந்தாலும் இதுல கழட்டுனதை அதுல மாட்ட முடியாது. 1908ல இங்கிலாந்துல ப்ரூக்லாண்ட்ஸ் ரேஸ் ட்ராக்ல ஒரு சோதனை வச்சாக, காடிலாக் கார் மூணைக் கொண்டாந்து சுத்தமா அக்கு அக்காக் கழட்டி, எல்லா பார்ட்டையும் ஒண்ணாக் கலந்து குவிச்சுட்டு, அதுலேர்ந்து மறுபடி மூணு காரைப் பூட்டச் சொன்னாக. ஸ்பேனரும் ஸ்க்ரூ ட்ரைவரும்தான், அரம் கூடாது. பூட்டி 500 மைல் ஓட்டியும் காட்டுனாக. அதுக்கு டியூவர் கோப்பைனு பெரிய பரிசே குடுத்தாக காடிலாக்குக்கு. அங்கயும் மூணு கார், படத்துலயும் மூணு கார். கதை எழுதுனவருக்கு அது ஞாபகத்துல இருந்துச்சோ என்னமோ.

சரி நான் சொல்ல வந்தது வேற. அந்த ரேஸ் கார்ல ரெண்டு பேரு உக்காந்திருப்பாக பாத்தீகளா? ஓட்டுறவரு ஒருத்தரு, பக்கத்துல மெக்கானிக். அவருக்கு என்ன வேலைன்னா, பெட்ரோல் டேங்க்குக்கு கைப்பம்பால பிரஷர் ஏத்தணும், ஆயில் அடிக்கணும், டயரைப் பாக்கணும், முக்கியமா பின்னாடி திரும்பிப் பாத்து எவன் வர்றான், எந்தப் பக்கம் ஏறுறான்னு டிரைவரைத் தட்டிச் சொல்லணும், ஏன்னா கண்ணாடி கெடையாது. 1911ல அமெரிக்காவுல நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 ரேஸ்ல ரே ஹரூன்னு ஒருத்தரு மெக்கானிக் இல்லாம ஒத்தையா வந்தாரு, மத்தவுக எல்லாம் இவன் பின்னாடி பாக்க முடியாம இடிச்சுருவான்னு சண்டை போட்டாக, அதுக்குத்தான் ஒரு கண்ணாடிய மேல மாட்டிக்கிட்டு வந்தாரு, வந்து ஜெயிச்சும் புட்டாரு. இப்ப நம்ம ஒவ்வொரு வண்டியிலயும் இருக்குற ரிவர்ஸ் கண்ணாடிக்கு அவரைத்தான் சொல்லுவாக.

இத நம்ம சனத்துக்கு ஒரே வரியில வெளங்க வைக்கலாம். மாட்டுவண்டிப் பந்தயம் பாக்காதவுக நம்ம மாவட்டத்துல யாரு? கயிறு புடிக்கிறவரு சாரதி, கூடவே எறங்கி ஓடி மாட்டைத் தட்டி, பின்னாடி வர்ற வண்டியக் கவனிச்சு கத்துறவரு துணைச்சாரதி. ஜெயிச்சா பேரு மாட்டுக்காரருக்கு, சாரதிக்கு, துணைக்கு ஒரு துண்டு. அந்த மெக்கானிக்குகளுக்கும் அதே கதிதான், கார் கவுந்தா மொதல்ல வெளிய தூக்கி எறியப்படுறதும் அவுகதான், பெல்ட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சு ஓட விடுற ஊருக்கு கார் ரேஸ் ஒண்ணும் புதுசில்ல.

கீழக்கரை_லாத்தா:

எல்லாம் சரி. அந்தப் பொண்ணு படத்துல என்ன செய்யுதுன்னு ஒருத்தரும் சொல்லலையே?

நானும் பாத்தேன் ரோரிங் ரோடு. அழகான படம்தான், இல்லேங்கலை. ஆனா ஆன் லிட்டில் பாவம், அப்பா ட்ரெய்ன்ல ஏத்துனா ஏறுது, மாப்பிள்ளை வந்தா சிரிக்குது, அவ்வளவுதான், பரிசுக் கோப்பைக்கு கவுன் போட்டு விட்டாப்ல. காக்காமாரு, அதான் அண்ணமாரு, சொல்ற மாதிரி அது மாமனார் மாப்பிள்ளை கதைதான், அதத்தான் நானும் குறையாச் சொல்றேன். உங்க கடற்கரையில பாதிக் கூட்டம் பொம்பளைகளா இருக்குமே, அவுகளுக்கு என்ன இருக்கு இதுல?

மேபல் நார்மண்ட் படம் போடுங்க. 'மேபல் அட் தி வீல்', 1914, ரெண்டே ரீல். மேபலோட ஆளு ரேஸ் டிரைவர், அவளுக்கும் அவனுக்கும் சண்டை, அந்தக் கோவத்துல வில்லனோட மோட்டார் சைக்கிள்ல பின்னாடி ஏறிப் போறா, வில்லன் அவளைச் சேத்துத் தண்ணிக்குள்ள தவற விட்டுட்டு கவனிக்காமலே போறான். அந்த வில்லன் யாருன்னு நெனைக்கிறீங்க, சார்லி சாப்ளின்! தொப்பி கைத்தடி நாடோடி வேஷம் இல்ல, ஆட்டுத்தாடி வச்ச கேடி. ரேஸ் அன்னைக்கு டிரைவரைக் கடத்திக் கட்டிப்போட்டுர்றான், மேபல் என்ன செய்யிறா, அழுதுக்கிட்டு நிக்கல, தானே காருல ஏறி ஓட்டுறா. வில்லன் பாதையில தண்ணி ஊத்தி கார் வழுக்க விடுறான், குண்டு போடுறான், ஒண்ணும் வேகலை. ஜெயிக்கிறது மேபல்.

இன்னொரு விசயம், அந்தப் படத்தை கம்பெனி முதலாளி மேக் சென்னட்டோட சேந்து டைரக்ட் பண்ணுனதும் மேபல்தான், அப்ப 20 சொச்சம் வயசு. சாப்ளின் கம்பெனிக்குப் புதுசா வந்த ஆளு, ஒரு சின்னப் பொண்ணு எனக்குச் சொல்லித் தர்றதான்னு ஷூட்டிங்ல மொறைச்சுக்கிட்டு நடிக்க மாட்டேன்னு உக்காந்துட்டாரு, பெரிய தகராறு. இத அவரே பின்னாடி தன் வாழ்க்கைக் கதையில எழுதிருக்காரு. கம்பெனிய விட்டே தொரத்தியிருப்பாங்க, அவரு படம் நல்லா ஓடுறதாத் தகவல் வந்ததால தப்பிச்சாரு. பாத்தா அந்தக் கடுப்பு மூஞ்சியிலயே தெரியிற மாதிரி இருக்கும் எனக்கு.

போட்மெயில்_பாம்பன்:

பேரன் ஒருத்தன் இந்தத் திரிய எனக்குக் காட்டுனான். நானும் ரெண்டு வார்த்தை சொல்லலாம்ல.

சாப்ளின் நாடோடி வேஷத்துல மொதமொதல்ல ஜனங்க முன்னாடி வந்த படமும் ஒரு கார் ரேஸ்தான் அப்பு, 'கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்'னு பேரு. வெனிஸ்னு கலிபோர்னியாவுல கடற்கரை ஊரு, அங்க சின்னப் பசங்க தள்ளு கார் ரேஸ் நடந்துச்சு, கேமராவத் தூக்கிக்கிட்டுப் போயி, இவரை அந்தக் கூட்டத்துக்குள்ள விட்டு, கேமராவுக்கு குறுக்க குறுக்க நடக்க விட்டு எடுத்தாக. சுத்தி நிக்கிற சனம் நெஜமான சனம், இவரு யாருன்னே தெரியாது அவுகளுக்கு, எவனோ கிறுக்கன்னு மொறைக்கிறது அப்படியே படத்துல இருக்கு. அது வெளியானது 1914 பிப்ரவரி 7. நம்ம பாம்பன் பாலத்துல மொத ட்ரெய்ன் ஓடத் தொறந்து விட்டது அதே வருசம் பிப்ரவரி 24. மெட்ராஸ்ல போட்மெயில் ஏறி தனுஷ்கோடியில எறங்கி கப்பல் மாறி கொழும்பு போற வழி அப்பத்தான் முழுசாச்சு. அங்க அவுக காரை வெரட்டிக்கிட்டு இருந்தப்ப இங்க நாம கடலு மேல ரயிலு விட்டுக்கிட்டு இருந்தோம்.

ஆறு நிமிசப் படம்தான், மொதல்ல அதப் போட்டு கூட்டத்தை உக்கார வையி. பிறகு அந்தக் கீழக்கரைப் புள்ள சொன்ன மேபல். கடைசியில பெரிய படம்.

எழுத்துக்கு என்ன செய்யிறதுன்னு கேட்டிருக்க. டூரிங் டாக்கீஸ் வர்றதுக்கு முந்தியே டென்ட் கொட்டகை காலத்துல திரைக்குப் பக்கத்துல ஒரு ஆளு நின்னு கதை சொல்லுவாக. இப்ப வர்றான் பாரு வில்லன், அந்தா ஒளிஞ்சிருக்கான் பாருன்னு கத்துவாகளாம், எங்கப்பா சொல்லியிருக்காக. எடி போலோன்னு வெள்ளைக்கார ஹீரோ நடிச்ச சண்டைப் படத்துக்கெல்லாம் அப்படித்தான், சிலநேரம் படத்துல இல்லாத கதையையும் சேத்து விடுவாகளாம், யாரு கேக்குறது. நீயும் ஒரு ஆளைப் புடிச்சு மைக்கைக் குடு. எழுத்தை எழுத்துக்கு எழுத்து படிக்கச் சொல்லாத, தூங்கிருவாக.

அப்புறம் காத்து. தடைக்காலத்துல கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கும், தென்கடல் பக்கம் திரை கட்டுனீகன்னா பாய் விரிச்ச மாதிரி உப்பிக்கிட்டு கம்போட சேத்துப் பிடுங்கிட்டுப் போயிரும். வடகடல் பக்கம் அமைதியா இருக்கும், ஊரு மறைப்புல ஒரு சுவரைப் பாத்துக் கட்டு. துணியை விட சுவத்துல வெள்ளையடிச்சுப் போடுறது உத்தமம்.

ஈசிஆர்_பய:

பெருசுக எல்லாம் சேந்து நல்லா பேசுறீக. ஆனா நான் வேற கேக்குறேன், ரேஸ் படம் போட்டு விட்டா மறுநாளு எங்க பயலுக தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை ரோட்டுல பைக்கை முறுக்குவானுக. 2017ல அந்த ரோடு போட்டதுலேர்ந்து ரெண்டு பக்கமும் கடலு, நடுவுல ஆணி அடிச்ச மாதிரி நேர் ரோடு, லீவு நாள்ல டூரிஸ்ட் வேன் ஒரு பக்கம், இவனுக வீலிங் ஒரு பக்கம். முந்தி மணல்ல ஜீப்புல குலுங்கிக்கிட்டுப் போறப்ப எவனும் அங்க வேகம் காட்ட முடியாது. இதுல ட்ரெய்னோட போட்டி போடுறதை ஹீரோத்தனமாக் காட்டணுமா? ஏற்கெனவே ரோட்டுப் பாலத்துல போறவன் எல்லாம் கீழ ட்ரெய்னைப் பாத்தா ஆக்சிலேட்டரை முறுக்குறான்.

போட்மெயில்_பாம்பன்:

பழைய பாலத்துல ட்ரெய்னு ஊந்துதான் போய்க்கிட்டிருந்துச்சு, அத சைக்கிள்லயே முந்திருக்கலாம், அதுல என்ன வீரம்? 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துலதான் கொஞ்சம் வேகமாப் போகுது. ஆனா நீ சொல்றது நியாயம்தான் தம்பி.

ரீல்பெட்டி_பரமக்குடி:

ஈசிஆர் தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் படத்தை மறைக்கச் சொல்ல மாட்டேன், கூடவே அந்த ஹீரோவோட கதையையும் மைக்ல ரெண்டு நிமிசம் சொல்லச் சொல்லுங்க.

ரோரிங் ரோடு நல்லா ஓடவும் பாரமவுண்ட் விடல, வாலஸ் ரீட்டை வச்சு வரிசையா கார் படம். 1920ல 'எக்ஸ்க்யூஸ் மை டஸ்ட்'னு இதோட தொடர்ச்சி, அதே ஜோடி, அதே கரடி, டைரக்டர் மட்டும் சாம் வுட். அப்புறம் 'டபுள் ஸ்பீட்', 'டூ மச் ஸ்பீட்', 'அக்ராஸ் தி காண்டினென்ட்'னு. பைரன் மார்கன்னு ஒரு பத்திரிகைக் கதை எழுத்தாளர், இந்த ரோரிங் ரோடு கதையும் அவருதுதான், கார் கதையே எழுதிக்கிட்டிருந்தாரு. ரீட்டும் நெஜமாவே கார் பைத்தியம்.

இதே 1919ல வேற ஒரு படத்துக்கு வெளியூர் ஷூட்டிங் போகும்போது ட்ரெய்ன் விபத்து. படத்துல கார் மூணு ட்ரெய்ன் விபத்துல நொறுங்குச்சு, நெசத்துல அடிபட்டது ஹீரோ. ஷூட்டிங் நிக்கக் கூடாதுன்னு வலி தெரியாம இருக்க மார்ஃபின் ஊசி போட்டாங்க. அதுலேர்ந்து அவரு மீளவே இல்ல, ஊசியும் படமும் ஊசியும் படமுமா ஓடி 1923 ஜனவரி 18ல செத்துப் போனாரு. வயசு 31. திரையில பாத்தா அப்படித் தெரியாது, சிரிச்ச மொகமா ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு இருக்காரு. அவரு பொண்டாட்டி டோரதி டேவன்போர்ட், அவுகளும் நடிகை, ஊர் வாய்க்குப் பயந்து மூடி மறைக்காம அதே வருஷம் போதை ஊசியைப் பத்தி 'ஹ்யூமன் ரெக்கேஜ்'னு ஒரு படம் எடுத்து ஊர் ஊராப் போயி பேசுனாங்க. அந்தப் படம் இன்னைக்கு ஒரு காப்பி கூட இல்ல.

கீழக்கரைத் தங்கச்சி சொன்னதுக்கு பதில் சொல்லணும். ஹீரோயின் விசயத்துல அவுக சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா கார் விளம்பரம் எப்படி வேலை செஞ்சுச்சுன்னு பாக்க இதை விட நல்ல படம் இல்ல. அப்ப எல்லாம் ஊருக்கு ஊரு எத்தனை மணி நேரத்துல வந்தோம்ங்கிறதுதான் கார் கம்பெனிக்கு விளம்பரம், அத மறுநாள் பேப்பர்ல போட்டுத்தான் காரை விப்பாங்க. கரடிக்கு மகளை விட அந்தச் சாதனை மேல கண்ணு, அத அவரு ஒளிக்கவும் இல்ல. சாண்டா மோனிகாவுல நெஜமாவே ஊருக்குள்ள தெருவுல ரேஸ் நடந்துச்சு, 1909லேர்ந்து 1919 வரைக்கும், கடலோரத் தெருவுல போயி திரும்புற முக்குக்கு சாவு வளைவுன்னே பேரு. வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து பாத்தாங்க. இத நெனச்சா தம்பி, ஈசிஆர் பசங்களைப் பத்தி நம்மாளு பயப்படுறது புதுசில்லன்னு தோணுது.

வடகடல்_தங்கச்சிமடம்:

அடேயப்பா, நான் ஒரு கேள்வி கேட்டா இம்புட்டு வந்துருச்சு. ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஒரு சந்தேகம் மட்டும், நம்ம தமிழ்ல இந்த மாதிரி ஊமைப்படம் ஏதும் இல்லையா? சனத்துக்கு நம்ம ஆளு படம்னா இன்னும் ஒட்டும்ல.

ரீல்பெட்டி_பரமக்குடி:

இருந்துச்சு தம்பி, இப்ப இல்ல. தென்னிந்தியாவுல மொத கதைப்படம் எடுத்தவரு நடராஜ முதலியார், 'கீசக வதம்', 1910கள் கடைசியில. அந்த மனுசனோட தொழில் என்ன தெரியுமா, மெட்ராஸ்ல கார் உதிரி பாகம் விக்கிற யாவாரம்! காரை வித்த காசுலதான் தமிழ் சினிமாவே பொறந்துச்சு. ஆனா அவரு கார் படம் எடுக்கல, புராணத்துக்குப் போயிட்டாரு. அவரு படத்துல ஒரு அடி பிலிம் கூட மிஞ்சல. தென்னாட்டு ஊமைப்படம்னு முழுசுக்கு ஏதோ பொழச்சுக் கெடக்குறது 1933ல எடுத்த 'மார்த்தாண்ட வர்மா', அது திருவாங்கூர் கதை, புனே ஆவணக் காப்பகத்துல இருக்கு.

அமெரிக்காவுலயும் நெலமை ரொம்ப நல்லா இல்ல, 1912லேர்ந்து 1929 வரைக்கும் எடுத்த பெரிய ஊமைப்படங்கள்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் தொலைஞ்சு போச்சுன்னு அவுக நாடாளுமன்ற நூலகமே 2013ல கணக்கு போட்டுச் சொல்லிருக்கு. பழைய பிலிம் தீப்புடிக்கிற சரக்கு, பேசும்படம் வந்ததும் இனி யாரு பாக்கப் போறான்னு தூக்கிப் போட்டாங்க. ரோரிங் ரோடு பொழச்சதே பெருசு.

கீழக்கரை_லாத்தா:

மியூசிக் பத்தி யாரும் முடிவா சொல்லல. உங்க பக்கம் சர்ச்ல கீபோர்டு வாசிக்கிற புள்ளைக இருக்குமே, ஒருத்தரைப் படத்தை மொதல்ல தனியா ஒரு தடவ பாக்க வச்சுட்டு, கூட ஒரு தவில் இல்லாட்டி பறை, போதும். காதல் சீனுக்கு கீபோர்டு, ரேஸுக்கு அடி. சினிமாப் பாட்டு வாசிக்க விட்டுறாதீங்க, சனம் பாட ஆரம்பிச்சுரும், படத்தை விட்டுரும். கரடி வர்றப்ப மட்டும் ஒரே ஒரு அடி, டும்முன்னு, ரெண்டாந்தடவ அடிக்கும்போதே புள்ளைக சிரிக்கும் பாருங்க.

ஈசிஆர்_பய:

கரடிக்கு டும் நல்லா இருக்கு. நான் பறை அடிப்பேன், சும்மா வர்றேன். ஆனா அந்த 31 வயசுக் கதையைப் படத்துக்கு முன்னாடி சொல்லாதீக, முடிஞ்சப்புறம் சொல்லுங்க. முன்னாடி சொன்னா எவனும் சிரிக்க மாட்டான்.

சக்கரம்_சாயல்குடி:

கதை சொல்ற ஆளுக்கு நான் பொறுப்பு. எங்க பக்கத்துல மாட்டுவண்டிப் பந்தயத்துல மைக்ல வர்ணனை சொல்ற அண்ணன் ஒருத்தரு இருக்காக. ஜீப்புல முன்னாடி போய்க்கிட்டே எந்த ஊரு மாடு, யாரு வளத்தது, சாரதி யாரு, போன வருசம் எந்த முக்குல கோட்டை விட்டாகன்னு மூச்சு விடாம சொல்லுவாக, மாடு கூட அவுக பேச்சைக் கேட்டுத்தான் ஓடும்னு எங்க ஊர்ல கேலி பண்ணுவோம். போன்ல விசயத்தைச் சொன்னேன். "இங்கிலீஷ் எழுத்து எனக்கு எதுக்கு, படத்தைக் காட்டு, யாரு முந்துறான்னு நான் சொல்றேன்"ங்கிறாக.

கீழக்கரை_லாத்தா:

அவுக வர்றதா இருந்தா ஒரு கண்டிசன். மேபல் காருல ஏறுனதும் "அந்தப் பொம்பளப்புள்ள"ன்னு சொல்லக்கூடாது, சாரதி மேபல்னு சொல்லணும். எந்த ஊருன்னு கேட்டா கீழக்கரைன்னு சொல்லிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல.

வடகடல்_தங்கச்சிமடம்:

சரி லாத்தா, சொல்லிர்றேன். அப்ப வர்ற மாசம் ரெண்டாவது சனிக்கிழமை, மொதல்ல சாப்ளின், பெறகு மேபல், அப்புறம் ரோரிங் ரோடு. சுவத்துக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாச்சு, ஜெனரேட்டரைத் தெருவுக்கு அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கிருவோம். அண்ணே, அந்த வர்ணனை அண்ணனுக்கு எவ்வளவு குடுக்கணும்?

சக்கரம்_சாயல்குடி:

பஸ் காசு, ராத்திரிக்கு மீன் கொழம்புச் சோறு, முடிஞ்சதும் ஒரு துண்டு. தடைக்காலத்துல மீன் வெலை ஏறிப்போச்சுன்னு சாக்குச் சொல்லாதீக, நாட்டுப்படகு கடலுக்குப் போகுதுன்னு அவுகளுக்கும் தெரியும். ஆனா ஒண்ணு தம்பி, மைக்கைக் குடுக்குறது உங்க இஷ்டம், திரும்ப வாங்குறது உங்க பாடு. போன தடவ பந்தயம் முடிஞ்சு மாடெல்லாம் வீட்டுக்குப் போனப்புறமும் பேசிக்கிட்டிருந்தாக.